வாக்கும் வாய்மையும்

நுழையும்முன்

தெருவிளக்கு எரியவில்லை, குடிநீர் வரவில்லை, மழைநீர் வடிய வழியில்லை. இக்குறைகளைச் சொல்ல நாம் தலைநகருக்குச் செல்வதில்லை. நம் வட்டத்தின் மாமன்ற உறுப்பினரையோ நகர்மன்ற உறுப்பினரையோதான் தேடிச் செல்கிறோம். மக்களுக்கு மிக அருகில் இருக்கும் அப்பதவிக்கு ஒருவர் எவ்வழியில் வரவேண்டும்? பணத்தையும் பின்புலத்தையும் நம்பாமல் அக்கம்பக்கத்தாரை நம்பித் தேர்தல் களம் கண்ட ஒரு நகரத்தின் வரலாற்றை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

கல்லில் பொறித்த நெறி

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சார்ந்தவை. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டதையும், தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்ததையும் அவை கூறுகின்றன. நிலமும் மனையும் கல்வியும் உடைய ஆடவர்க்கு மட்டுமே அந்த வாய்ப்பு இருந்தது; உழைக்கும் மக்களுக்கும் பெண்களுக்கும் அங்கே இடமில்லை. ஆயினும் அக்கல்வெட்டில் இன்றும் நம்மைச் சிந்திக்கவைக்கும் விதியொன்று உண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்பதே அவ்விதி. பொதுப்பணியின் முதல் தகுதி கணக்குக் காட்டுதல் என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஓர் ஊர் கல்லில் எழுதி வைத்தது.

அந்நெறியை இக்காலத்தில், வேறொரு நாட்டில், எளிய மக்கள் தம் தேர்தல் பரப்புரைக்கே அடித்தளமாக்கினர். அந்நகரம் ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா.

வீடிழந்தோரின் கூட்டம்

2008ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி ஸ்பெயினைக் கடுமையாகத் தாக்கியது. வேலையிழந்தோர் வீட்டுக்கடன் தவணையைச் செலுத்த இயலாது தவித்தனர். வங்கிகள் வீடுகளைக் கைப்பற்றின. வீட்டை ஒப்படைத்த பின்னும் கடனின் மீதித்தொகை அவர்கள் தலைமேல் நின்றது. வீடும் போய்க் கடனும் தீராத நிலை!

இந்நிலையில், 2009ஆம் ஆண்டு பார்சிலோனாவில் வீட்டுக்கடனால் பாதிக்கப்பட்டோர் ஓர் அமைப்பைத் தொடங்கினர். அதன் கூட்டங்களில் பாதிக்கப்பட்டவர்களே வட்டமாக அமர்ந்து தம் நிலையை எடுத்துச் சொல்வர். முன்பே அத்துன்பத்தைக் கடந்தவர் புதிதாய் வந்தவர்க்கு வழிகாட்டுவார். ஒருவர் வீட்டை விட்டு வெளியேற்றப்படும் நாளில் மற்றவர்கள் அவ்வீட்டின் வாயிலில் திரண்டு அமைதியாகத் தடுத்து நிற்பர். இவ்வமைப்பைத் தொடங்கியவர்களுள் ஒருவர் அடா கொலாவ்.

போராட்டங்களால் சில வீடுகளைக் காக்க முடிந்தது. சட்டத்தையும் நகரின் திட்டங்களையும் மாற்ற முடியவில்லை. வாயிலில் நின்று தடுப்பது மட்டும் போதுமா, முடிவெடுக்கும் மன்றத்திற்குள்ளும் நுழைய வேண்டுமா என்னும் வினா அவர்கள் முன் எழுந்தது.

கேட்ட பின்பே களம்

2014ஆம் ஆண்டு சூன் திங்களில், 'பார்சிலோனாவை வெல்வோம்' என்னும் பெயரில் ஒரு மக்கள் முயற்சி அறிவிக்கப்பட்டது. தாமே வேட்பாளர் என்று அவர்கள் உடனே அறிவித்துக்கொள்ளவில்லை. முப்பதாயிரம் பேர் கையொப்பமிட்டு ஆதரித்தால் மட்டுமே தேர்தலை நோக்கி நகர்வோம் என்றனர். சில திங்களில் அந்த எண்ணிக்கை எட்டப்பட்டது.

அதன்பின் அவர்கள் குடியிருப்புப் பகுதிதோறும் கூட்டங்கள் நடத்தினர். அறிஞர் சிலர் அறையில் அமர்ந்து எழுதிய தேர்தல் அறிக்கையை மக்களிடம் கொண்டுசெல்லும் வழக்கத்தை மாற்றினர். மக்கள் கூறிய குறைகளும் தீர்வுகளும் முதலில் திரட்டப்பட்டன. அறிக்கை பிறகே உருவானது. ஓவியர்கள் ஊதியமின்றிச் சுவரொட்டிகள் வரைந்தனர். சிறு கட்சிகள் சிலவும் இம்முயற்சியில் இணைய, 'பொதுவில் பார்சிலோனா' என்று பொருள்படும் பெயரில் அது தேர்தலைச் சந்தித்தது.

தமக்குத் தாமே இட்ட விதி

இப்பரப்புரையின் உயிர்நாடி, வேட்பாளர்கள் வாக்குக் கேட்கும் முன்பே ஏற்றுக்கொண்ட ஒழுக்க விதித்தொகுப்பாகும். தேர்தல் செலவுக்கு வங்கிகளிடம் கடன் பெறுவதில்லை. மக்களின் சிறு நன்கொடைகளையே பெறுவது. வரவு செலவுகளை வெளியிடுவது. பதவியில் இருப்போர் தம் சொத்து விவரங்களையும் யார் யாரைச் சந்திக்கின்றனர் என்பதையும் பொதுவில் வைப்பது. திங்களுக்கு ஏறத்தாழ 2,200 யூரோவுக்கு மேல் ஊதியம் எடுத்துக்கொள்ளாது எஞ்சியதைச் சமூகப் பணிகளுக்கு வழங்குவது. பொதுவாக இரண்டு பதவிக்காலத்துக்கு மேல் தொடராதிருப்பது என்பன அவற்றுள் சில.

இவ்விதிகளுள் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. வீடுகளைக் கைப்பற்றும் வங்கியிடமே கடன் வாங்கித் தேர்தலில் வென்றவர், நாளை அவ்வங்கியை எதிர்த்து எவ்வாறு பேசுவார்? பெருந்தொகை கொடுத்தவர் கதவைத் தட்டினால் திறக்காதிருக்க இயலுமா? பிறரிடம் நேர்மையை எதிர்பார்ப்பது எளிது. வெற்றிக்கு முன்பே தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்வது அரிது. அதனால்தான் அவர்கள் நேர்மையைச் சொற்பொழிவின் பொருளாக விட்டுவிடாமல், யாரும் எடுத்துக்காட்டித் தட்டிக்கேட்கக்கூடிய எழுத்தாக்கினர்.

2015 மே 24 அன்று நடந்த தேர்தலில் இவ்வணி நான்கில் ஒரு பங்கு வாக்குகளைப் பெற்றது. 41 இடங்களுள் 11 இடங்களை வென்று முதலிடம் அடைந்தது. அங்கும் நம் மாநிலத்தைப் போலவே மேயரை மன்ற உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கின்றனர். சூன் 13 அன்று பிற அணியினர் சிலரின் ஆதரவோடு 21 வாக்குகள் பெற்று, பார்சிலோனாவின் முதல் பெண் மேயரானார் அடா கொலாவ்.

வென்றபின் வந்த சோதனை

கதை இங்கு முடிந்திருந்தால் அது இனிய கதையாக மட்டுமே இருந்திருக்கும். 41 பேர் கொண்ட மன்றத்தில் 11 பேர் எல்லாவற்றையும் செய்துவிட இயலாது. ஒவ்வொரு தீர்மானத்துக்கும் பிறர் ஆதரவை நாட வேண்டியிருந்தது. வாடகை உயர்வுக்குச் சுற்றுலாப் பெருக்கமும் ஒரு காரணம் எனக் கருதி, புதிய விடுதிகளுக்கான உரிமங்களை 2015ஆம் ஆண்டிலேயே நிறுத்தி வைத்தனர். ஆயினும் வாடகைச் சுமை தீரவில்லை. வெளியேற்றங்களும் முற்றிலும் நின்றுவிடவில்லை.

2019ஆம் ஆண்டுத் தேர்தலில் மற்றோர் அணி சில ஆயிரம் வாக்குகள் முந்தியது. இரண்டுக்கும் கிடைத்தவை 10 இடங்களே. தம் கொள்கைக்கு நெடுந்தொலைவில் நின்ற உறுப்பினர் சிலர் நிபந்தனையின்றி அளித்த வாக்குகளையும் பெற்றே கொலாவ் மீண்டும் மேயரானார். திட்டங்களைத் தொடர அது தேவை என்றனர் ஒரு சாரார். அது கொள்கையை விட்டுக்கொடுத்தல் என்றனர் மற்றொரு சாரார். இரண்டு பதவிக்கால வரையறையிலும் விதிவிலக்கு அளிக்கப்பட, 2023ஆம் ஆண்டில் அவர் மூன்றாம் முறையாகப் போட்டியிட்டார். அவருடைய அணி மூன்றாம் இடத்தையே பெற்றது.

இவற்றில் எது சரி என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் ஒன்றை மறுக்க இயலாது. விதிகள் எழுத்தில் இருந்தமையால்தான் "இது நீங்கள் சொன்னதா?" என்று நகர மக்களால் கேட்க முடிந்தது. எழுதி வைத்த விதி பிறழ்வை முற்றிலும் தடுத்துவிடாது; எனினும் பிறழ்வை மறைக்க விடாது.

நம் வட்டம், நம் பொறுப்பு

உத்திரமேரூரின் நெறி நம்மிடமும் அறுபட்டுப் போய்விடவில்லை. தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தலில் போட்டியிடுவோர் வெற்றி பெற்றாலும் தோற்றாலும் தம் தேர்தல் செலவுக் கணக்கை ஒப்படைக்க வேண்டும். தவறுவோரை மூன்று ஆண்டுகள் போட்டியிடத் தகுதியற்றவராக மாநிலத் தேர்தல் ஆணையம் அறிவிக்கலாம். எனினும் சட்டம் கேட்பது குறைந்த அளவே. அதற்கு மேல் கேட்க வேண்டியவர்கள் வாக்காளர்கள். வீட்டு வாயிலில் வந்து நிற்கும் வேட்பாளரிடம், "என்ன தருவீர்கள்?" என்று கேட்பது ஒரு வகை. "உங்கள் செலவுக்குப் பணம் தந்தவர் யார்? எங்கள் தெருவின் தேவையை யாரிடம் கேட்டறிந்தீர்கள்? ஆண்டுக்கொரு முறை இதே தெருவில் நின்று கணக்குச் சொல்வீர்களா?" என்று கேட்பது மற்றொரு வகை. முதல் வினா வாக்கை விலைபேசுகிறது. இரண்டாம் வகை வினாக்கள் வாக்குக்கு மதிப்பளிக்கின்றன.

இன்னும் ஓராண்டில் அல்லது ஈராண்டில் நீங்கள் வாக்காளர் ஆவீர்கள். இருபத்தொரு வயதில் வேட்பாளராகவும் ஆகலாம். அன்று கேட்பவராக இருந்தாலும் பதில் சொல்பவராக இருந்தாலும், இவ்வினாக்கள் உங்களுக்காகக் காத்திருக்கும்.

தெரிந்து தெளிவோம்

இந்திய அரசியலமைப்பின் 74ஆம் திருத்தம் 1993 சூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நகர உள்ளாட்சி அமைப்புகளுக்கு ஐந்தாண்டுப் பதவிக்காலம், மாநிலத் தேர்தல் ஆணையத்தின் வழியே தேர்தல், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடஒதுக்கீடு ஆகியவற்றை அது உறுதி செய்தது. தமிழ்நாட்டில் பெண்களுக்கான ஒதுக்கீடு 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டுள்ளது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் தெருவில் உள்ள பத்து வீடுகளுக்குச் சென்று, அப்பகுதியின் முதன்மைத் தேவை எது எனக் கேட்டறிந்து பட்டியலிடுக.

2. வகுப்புத் தலைவர் தேர்தலில் போட்டியிடுவோர் ஏற்க வேண்டிய ஐந்து ஒழுக்க விதிகளைக் குழுவாகக் கலந்துரையாடி எழுதுக.

3. 'நல்ல திட்டம் தொடர்வதற்காகக் கொள்கையில் விட்டுக்கொடுக்கலாம்' – இக்கருத்தை ஏற்றும் மறுத்தும் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.