அசுவுணியை அடக்கும் சிறு குளவியும் அதன் பருவ வாசமும்

அவரை, மொச்சை, தட்டைப்பயறு ஆகியவற்றின் தளிரிலும் பிஞ்சிலும் கருநிறமாய் அடர்ந்து சாற்றை உறிஞ்சும் அசுவுணியை அறியாத விவசாயி இல்லை. செடிப்பேன் என்றும் இதனைக் கூறுவர். மார்கழி, தை மாதங்களில் இதன் உபத்திரவம் மிகும். இந்நாட்டு வெப்பநிலையில் இப்பூச்சியின் பெண்கள் ஆண் சேர்க்கையின்றியே குட்டிகளை ஈனும். அக்குட்டிகளும் ஒரு வாரம் அல்லது பத்து நாட்களில் ஈனத் தொடங்கும். இவ்வளவு விரைவாய்ப் பெருகுவதைத் தடுக்கும் இயற்கை எதிரிகளுள் பொறிவண்டைப் பலரும் கண்டிருப்பர். சிறு குளவியைக் கண்டவர் சிலரே.

ட்ரையாக்ஸிஸ் இண்டிகஸ் என்று சுப்பாராவ், சர்மா என்போர் 1958-ஆம் ஆண்டில் பெயரிட்ட குளவி இவ்வினத்தைச் சேர்ந்தது. பினோடாக்ஸிஸ் என்ற பெயராலும் இது இப்போது வழங்குகிறது. கொசுவினும் சிறிய இக்குளவி, தன் வயிற்றைக் கால்களுக்கிடையே முன்புறமாய் வளைத்து, அசுவுணியின் உடலுக்குள் ஒரு முட்டையைச் செலுத்தும். புழு உள்ளிருந்தே அசுவுணியைத் தின்று தீர்க்கும். மிஞ்சும் தோல் உப்பி, வைக்கோல் நிறமடைந்து, இலையோடு ஒட்டிக்கொள்ளும். சில நாட்களில் குளவி அத்தோலில் வட்டமாய் ஒரு துவாரம் அறுத்து வெளிப்படும். முட்டை முதல் குளவி வரை ஏறக்குறைய இரண்டு வாரங்கள் செல்லும்.

இனி முக்கியமான விஷயம் யாதெனில், பயிர் அறுவடையான பின் குளவி எங்கே வாழ்கிறது என்பதே. குளிர் நாடுகளில் பல ஜாதிக் குளவிகள் உப்பிய தோலுக்குள்ளேயே பனிக்காலம் முழுதும் உறங்கிக் கிடக்கும். இங்கோ கோடையின் கடும் வெப்பமும் பெருமழையுமே அதற்குச் சோதனை. ஆகையால் பயறு வகைகள் வயலில் இல்லாத மாதங்களில், பருத்தி, வெண்டை, கத்தரி, பூசணி ஆகியவற்றைத் தாக்கும் வேறொரு ஜாதி அசுவுணியை அது நாடுகிறது. வரப்பிலும் சாலையோரத்திலும் நிற்கும் எருக்கஞ்செடியின் மஞ்சள்நிற அசுவுணியும் அதற்கு இரையாகும். எருக்கு அசுவுணி எருக்கு, அரளி முதலிய பால்வடியும் செடிகளில் வாழ்வது. பயறுச் செடியில் குடியேறுவதில்லை. வரப்பைச் சுத்தம் செய்யும் உற்சாகத்தில் ஊரிலுள்ள எருக்கு அனைத்தையும் ஒரே வாரத்தில் வெட்டி எறிவது இதனால் உசிதமன்று. பாதை பராமரிப்பை மேற்பார்வையிடும் கிராம அதிகாரிகள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

எனினும் எருக்கை நட்டால் அவரை பிழைக்கும் என்று எண்ணிவிடலாகாது. இக்குடும்பத்தின் வேறு சில குளவிகளை ஆராய்ந்ததில், அவை எச்செடியின் அசுவுணித் தோலினின்று வெளிவந்தனவோ அச்செடியின் வாசனையையே பெரிதும் நாடுவதாகக் கண்டனர். ஓரத்துச் செடி குளவியின் வம்சம் அறாமல் காக்கலாம். வேலை முழுவதையும் அது செய்யாது.

பூச்சிமருந்து தெளிக்குமுன் இலையின் அடிப்புறத்தைப் பார்த்தல் அவசியம். உப்பிய தோல்கள் தென்பட்டால், நான்கைந்து நாட்கள் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். அவை பெருகி, உயிருள்ள அசுவுணி குறைந்திருந்தால் செலவு வீண். கடுமருந்து பறக்கும் குளவியைக் கொன்றுவிடும். தப்பிய சில அசுவுணிகளோ விரைவிற் பெருகி மீளும். தோல்களில் வட்டத்துவாரத்துக்குப் பதிலாக ஒழுங்கற்ற, பிய்ந்த துவாரங்கள் மிகுந்திருந்தால், குளவியையே தின்னும் மற்றொரு குளவி புகுந்துவிட்டது என்று அறியலாம். அப்போது காத்திருப்பதில் பயன் குறைவு. தேன்கழிவுக்காக அசுவுணியைக் காவல் காக்கும் எறும்புகளும் குளவியை விரட்டும். எறும்புப் புற்றைச் செடியடியினின்று அகற்றுவது இதற்குப் பெரிதும் உதவும்.

காய் பறித்து முடித்த கொடிகளை உடனே எரிக்காமல், உப்பிய தோல்கள் உள்ளவற்றை மட்டும் ஒரு வாரம் வரப்பின் நிழலில் இட்டுவைத்தால், உள்ளிருக்கும் குளவிகள் வெளியேறி அடுத்த வயலுக்குச் செல்லும்.