சாறு ஆயாவுக்கு, கறி குழந்தைக்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் விருத்தாசலத்தின் எந்தக் கறிக்கடை முன்னால் நின்றாலும் இந்தக் குரல் காதில் விழும்: "கொழந்தைக்கு சூப்பு வைக்கணும்ணே, நெஞ்செலும்பா பாத்துப் போடுங்க." எலும்பு வீட்டுக்குப் போகும். மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு ஆறு விசில் வரும்வரை வேகும். வடிகட்டிய சாறு ஏழு மாதக் குழந்தைக்கு. வெந்த கறி வீட்டுப் பெரியவர்களுக்கு. எல்லோரும் பாசத்தோடுதான் செய்கிறார்கள், ஆனால் பங்கீடு தலைகீழாகிவிடுகிறது.

குழந்தையின் இரைப்பை சிறியது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 30 மில்லி என்று கணக்கு வைப்பார்கள். எட்டுக் கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 240 மில்லிதான் கொள்ளும். அதில் ஒரு டம்ளர் சாறு போய்விட்டால் சாதத்துக்கோ பருப்புக்கோ இடம் ஏது? சாற்றில் மணமும் கொஞ்சம் கொழுப்பும் இறங்கியிருக்கும். இரும்புச்சத்தும் புரதமும் பெரும்பாலும் கறியிலேயே தங்கிவிடும். தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருந்தது. சாற்றை ஊட்டிவிட்டுச் சக்கையை ஒதுக்குகிற வீடுகள் இந்த எண்ணை ஒரு தடவை நினைத்துப் பார்க்க வேண்டும்.

"பல்லு மொளைக்கட்டும், அப்புறம் கறி குடுக்கலாம்" என்பது ஆயாக்களின் தீர்ப்பு. கறியை மெல்லும் கடைவாய்ப்பல் வர ஒரு வயது தாண்டும். தாயின் வயிற்றில் சேர்த்துவைத்த இரும்போ ஆறு மாதத்தோடு குறையத் தொடங்கிவிடும். உலகச் சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஆறு மாதத்தில் இணை உணவைத் தொடங்கி, 23 மாதம் வரை முட்டை, மீன், கறி போன்றவற்றைத் தினமும் கொடுக்கச் சொல்கிறது. பல் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஈறு நசுக்கும் அளவுக்குக் கறி மென்மையாக இருந்தால் போதும். தாய்மார்கள் தடுக்கி விழுவது இந்த மென்மையில்தான்.

முதல் தவறு கடையிலேயே நடக்கிறது. குழந்தைக்குத்தானே என்று கொத்துக்கறியாகவே வாங்கிவிடுகிறார்கள். புளியங்கட்டையில் வைத்துக் கொத்தும்போது எலும்புச் சில்லு தெறித்து உள்ளே கலக்கும். கட்டையின் சிராய்கூட வரும். பெரியவர் வாயில் நறுக்கென்று பட்டால் எடுத்துப் போட்டுவிடுவார். குழந்தைக்கு அது தெரியாது. அதனால் எலும்பில்லாத தொடைக்கறி 100 கிராம், வெட்டாமல் முழுத் துண்டாக வாங்க வேண்டும். கொத்துக்கறிதான் கிடைத்தது என்றால் எவர்சில்வர் தட்டில் மெல்லிசாகப் பரப்பி, விரல் நுனியால் அழுத்தி, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை தடவிப் பாருங்கள். அரிசி நொய் அளவுள்ள சில்லுகூடத் தட்டில் உரசும்போது 'கிறீச்' என்று காட்டிக்கொடுக்கும். அவசரத்திலும் இந்த இரண்டு நிமிடத்தை விடக் கூடாது.

அடுத்தது வெட்டு. முழுச் சமையலிலும் கடினமான கட்டம் இதுதான். தொடைக்கறியைக் கூர்ந்து பார்த்தால் நார் ஒரே திசையில் ஓடுவது தெரியும். நார் ஓடும் திசையிலேயே வெட்டினால் எத்தனை விசில் விட்டாலும் நீள நூலாகப் பிரியும். மிக்ஸியில் அரைத்தாலும் பிளேடில் சுற்றிக்கொண்டு நிற்கும். குழந்தை கொஞ்ச நேரம் வாயில் உருட்டிவிட்டு, பஞ்சுபோல ஒரு உருண்டையைத் துப்பும். "கறி புடிக்கல" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். குழந்தைக்குப் பிடிக்காதது கறி அல்ல, நார்தான். நாருக்குக் குறுக்கே, பென்சில் தடிமனில் நறுக்குங்கள். கறி வழுக்கிக்கொண்டு ஓடினால் அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் விறைத்து நிற்கும், கத்தி சொன்னபடி கேட்கும். வெள்ளை ஜவ்வு தென்பட்டால் உரித்துவிடுவது நல்லது.

இனி ஆறு, ஏழு மாதக் குழந்தைக்கான மசியல். நறுக்கிய கறி, நான்கு சின்ன வெங்காயம், ஒரு பல் பூண்டு, சிட்டிகை மஞ்சள், கால் கரண்டி சீரகம், அரை டம்ளர் தண்ணீர். ஆட்டுக்கறிக்கு ஏழு விசில், பிறகு சிறுதீயில் பத்து நிமிடம். பிராய்லர் கோழி என்றால் நான்கு விசில் போதும். வெந்த தண்ணீரோடு சேர்த்து மிக்ஸியின் சின்ன ஜாரில் மையாக அரைக்க வேண்டும். முதல் நாள் ஒரு தேக்கரண்டி, குழைந்த சாதத்தோடு. மூன்று நாள் வரை வேறு புது உணவு எதுவும் சேர்க்காமல் பாருங்கள், ஒவ்வாமை இருந்தால் எதனால் என்று தெரிந்துவிடும். இரண்டு சொட்டு எலுமிச்சை விட்டால் சாதத்தில் பருப்பில் இருக்கும் இரும்பும் கூடுதலாக உடலில் சேரும். கறிக்கே அந்தக் குணம் உண்டு. பக்கத்தில் இருக்கிற பருப்பின் இரும்பையும் இழுத்துக்கொண்டு போகும்.

உப்பு ஒரு வயது வரை வேண்டாம். ருசி பார்ப்பது பெரியவர் நாக்கு, அதற்காக உப்புப் போடாதீர்கள்.

எட்டு, ஒன்பது மாதம் ஆகும்போது குழந்தை தானே எடுத்துத் தின்னத் துடிக்கும். அப்போதுதான் கோலா உருண்டை நினைவுக்கு வரும். மதுரை, செட்டிநாட்டுப் பக்கத்துக் கோலாவில் பொட்டுக்கடலை, தேங்காய், சோம்பு, கசகசா, மிளகாய் எல்லாம் சேர்த்து எண்ணெயில் பொரிப்பார்கள். குழந்தைக்கு அந்த முறை ஆகாது. மிளகாய் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். கசகசாவில் அபினியின் சுவடு இருக்கக்கூடும் என்பதால் அதுவும் வேண்டாம். பொட்டுக்கடலை மாவு ஈரத்தை உறிஞ்சி உருண்டையை வறட்டிவிடும். அதற்குப் பதில் குழைந்த சாதம் சேருங்கள். 100 கிராம் பச்சைக் கறிக்கு இரண்டு மேசைக்கரண்டி சாதம், அரைத்த சின்ன வெங்காயம் ஒரு கரண்டி, கொஞ்சம் சீரகத்தூள். சாதத்தின் மாவு கறியின் சாற்றைப் பிடித்துவைத்துக்கொள்ளும். உருளைக்கிழங்கும் ஆகும், ஆனால் மிக்ஸியில் போட்டால் பசையாகிவிடும், கையால் மசிக்க வேண்டும்.

இந்த ஊர்க்காரர்களுக்கு இங்கே தனியாக ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது. விருத்தாசலம் செராமிக் ஊர். பக்கத்து நெய்வேலியின் களிமண்ணை நம்பி வளர்ந்த தொழிற்பேட்டை இருக்கிறது. பொம்மை, அகல்விளக்கு, ஃபியூஸ் கேரியர் செய்யும் பட்டறைகளில் பெண்களின் கை நிறைய உண்டு. களிமண்ணைப் பிசையப் பிசைய நல்லது. காற்றுக் குமிழி போய், சொன்ன உருவுக்கு வளையும். அந்தப் பழக்கத்தில் கைமாவையும் பத்து நிமிடம் அடித்துப் பிசைந்தால் காரியம் கெட்டுவிடும். கறியைப் பிசையப் பிசைய, அதிலும் உப்புச் சேர்த்துப் பிசைந்தால், தசையிலிருக்கும் மயோசின் என்ற புரதம் கரைந்து பசையாகும். வெந்ததும் ரப்பர் பந்துபோலத் துள்ளும். சாசேஜுக்கு அந்தத் துள்ளல் வேண்டும், குழந்தைக்கு வேண்டாம். உப்பில்லாமல் சமைப்பதால் இங்கே பாதி வேலை தானாகவே முடிந்துவிடுகிறது. மிச்சப் பாதிக்கு, மிக்ஸியை விட்டு விட்டு ஐந்தாறு சுற்றுச் சுற்றி, சாதத்தைச் சேர்த்து, விரல் நுனியால் ஒன்றுசேரும்வரை மட்டும் கலந்தால் போதும். கை நிறுத்தாமல் பிசையத் துடித்தாலும் நிறுத்திவிட வேண்டும்.

உருண்டை என்று பெயர் இருந்தாலும் உருண்டையாகப் பிடிக்காதீர்கள். ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு உருண்டையான, வழுக்கும் பொருள்தான் மூச்சுக்குழலைச் சரியாக அடைக்கும். குழந்தையின் மூச்சுக்குழல் ஏறக்குறைய அதன் சுண்டுவிரல் தடிமன்தான். பெரியவர் விரல் நீளத்துக்குக் கொழுக்கட்டைபோல நீளமாகப் பிடித்து, உள்ளங்கையில் லேசாகத் தட்டி நசுக்குங்கள். குழந்தை முழுக் கையால் பிடித்துக்கொள்ளும், மேலே நீட்டிக்கொண்டிருப்பதைக் கடிக்கும். இந்த அளவுக்கு எட்டு முதல் பத்து வரும்.

வேகவைக்க இட்லிப் பானை போதும். தட்டில் நல்லெண்ணெய் தடவி 15 நிமிடம். அல்லது சாறு மெல்லக் கொதிக்கும்போது ஒவ்வொன்றாக விட்டு, மூடிவைத்து 12 நிமிடம். தளதளவென்று கொதித்தால் உடைந்து கரைந்துவிடும். வெந்ததா என்பதற்கு நிறத்தை வெளியே பார்த்துப் பயனில்லை, ஒன்றைப் பிட்டு நடுவே பார்க்க வேண்டும். இளஞ்சிவப்பு துளி தெரிந்தாலும் இன்னும் ஐந்து நிமிடம். முழுத் துண்டுக் கறியில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். அரைத்த கறியில் அது உள்ளே வரை கலந்திருக்கும். கைமாவுக்கு 71 டிகிரி, கோழிக்கு 74 டிகிரி என்று அளவு சொல்வது அதனால்தான். கடைசியாக ஒரு சோதனை: கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே வைத்து லேசாக அழுத்துங்கள். சிரமமில்லாமல் நசுங்கினால் ஈறாலும் நசுக்க முடியும். எதிர்த்து நின்றால் மசித்துச் சாதத்தில் கலந்து கொடுத்துவிடுங்கள்.

ஊட்டும்போது குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். ஓங்கரித்து இருமினால் பதறாதீர்கள், அது கற்றுக்கொள்ளும் சத்தம். சத்தமே வராமல் மூச்சுத் திணறினாலோ முகம் நீலம் பாரித்தாலோதான் ஆபத்து. உடனே குப்புறச் சாய்த்து, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் ஐந்து தட்டு. திருப்பி, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு கையின் உள்ளங்கை அடியால் ஐந்து அழுத்து. அடைப்பு நீங்கும்வரை மாற்றி மாற்றிச் செய்துகொண்டே, இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும்.

ஈரல் எளிதாக வேகும், நாரும் இல்லை. ஆனால் அதில் வைட்டமின் ஏ மிக அதிகம். வாரத்தில் ஒரு நாள், இரண்டு தேக்கரண்டி மசியல் போதும். சுவரொட்டியை, அதாவது ஆட்டு மண்ணீரலை, ரத்தம் ஊறும் என்று நம் ஊரில் தேடி வாங்குவதில் பொருள் இருக்கிறது. இரும்புச்சத்தில் அது ஈரலையும் மிஞ்சும். தோலைச் சீவிவிட்டு, முழுக்க வேகவைத்து, மசித்துக் கொடுக்கலாம். நெருப்பில் மேலோட்டமாகச் சுட்டுப் பாதி வெந்ததைக் கொடுப்பது கூடாது. முந்திரி விளையும் பூமி இது. வேளாண் பல்கலைக்கழகத்தின் முந்திரி ஆராய்ச்சியே விருத்தாசலத்தில் நடக்கிறது. எதற்கெடுத்தாலும் முந்திரியை அரைத்து விடும் பழக்கமும் கூடவே இருக்கிறது. முந்திரி விழுதைக் கறியோடு சேர்க்கும் முன் தனியாக ஒரு நாள் கொடுத்துப் பார்த்துவிட வேண்டும். முழு முந்திரி வேண்டவே வேண்டாம்.

வேலைக்குப் போகும் தாய்க்குத் தினமும் இவ்வளவு நேரம் கிடையாது. 2017-ல் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு 26 வாரம். அது முடிகிற நேரமும் குழந்தைக்குச் சோறூட்டத் தொடங்கும் நேரமும் ஒன்றாக வந்து நிற்கின்றன. சின்னப் பட்டறைகளில் அந்த விடுப்பும் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை ஒரே தடவையாக மசியல் செய்து, சுத்தமான ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துவிட்டால் வாரம் முழுக்க ஓடும். காலையில் ஒரு கட்டியை எடுத்து, ஆவி பறக்கச் சூடாக்கி, ஆறவைத்து ஊட்டச் சொல்லிவிட்டுப் போகலாம். உருகியதைத் திரும்ப உறையவைக்காதீர்கள். நெடுநேரம் மின்சாரம் போய் எல்லாம் உருகிவிட்டால் மனசு கேட்காவிட்டாலும் கொட்டிவிடுங்கள். இந்த ஊர்ச் சித்திரை வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்த கறியைக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. மீந்ததை "ராத்திரிக்கு ஆகும்" என்று எடுத்துவைக்கவும் கூடாது.

பட்டறையிலிருந்து வந்ததும் தூசி போகக் கையை நகக்கண் வரை சோப்புப் போட்டுக் கழுவி, சேலையை மாற்றிவிட்டுத்தான் அடுப்பங்கரைக்குள் போக வேண்டும். அலங்காரத்துக்குச் செய்த வண்ணக் கிண்ணத்தில் ஊட்டவும் வேண்டாம். உணவுக்கென்று செய்யாத மெருகில் ஈயம் இருக்கக்கூடும். எவர்சில்வர் கிண்ணமே நல்லது.

சூப் வைப்பதை யாரும் நிறுத்த வேண்டியதில்லை. மிளகுத்தூளும் உப்பும் போட்டு ஒரு டம்ளர் ஆயாவிடம் கொடுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடையில் நிற்கும்போது வீட்டுக்கு வாங்குவதோடு, குழந்தைக்கென்று 100 கிராம் தொடைக்கறியைத் தனியாகக் கேளுங்கள். எலும்பில்லாமல், கொத்தாமல், முழுத் துண்டாக.