சின்னத்திரையில் ஒரு பெண் குரல்: இயக்குநர் சாஹிரா காஸ்மி

முன்னுரை

நாடகத்தை முத்தமிழுள் ஒன்றாக வைத்துப் போற்றிய மொழி நம் மொழி. எனினும் நாடகத்தைப் பயிலும் நாம் அதனை எழுதியவரை அறிவோம், நடித்தவரையும் அறிவோம், இவ்விருவர்க்கும் இடையே நின்று அதற்கு உயிரூட்டும் இயக்குநரைப் பெரிதும் எண்ணிப் பார்ப்பதில்லை. பாகிஸ்தான் தொலைக்காட்சியில் உருது நாடகங்களை இயக்கிய சாஹிரா காஸ்மியின் வாழ்வும் பணியும் அவ்வாறு எண்ணிப் பார்க்கத் தூண்டுவன. கட்டுப்பாடுகள் மிகுந்த காலத்தில் அடக்கத்தையே தம் கலைக்கருவியாகக் கொண்டு, வீட்டுக்குள் பேசப்படாத பெண்ணின் துயரை வீட்டார் அனைவரும் ஒன்றாக அமர்ந்து காணுமாறு செய்தவர் அவர். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் பின்னணியும்

சாஹிரா 1950ஆம் ஆண்டு பம்பாயில் பிறந்தார். தந்தை ஷியாம், அக்காலத்து இந்தித் திரைப்படங்களின் புகழ்பெற்ற கதாநாயகர், ராவல்பிண்டியில் வளர்ந்தவர், உருதுச் சிறுகதை மேதை சஆதத் ஹசன் மண்டோவின் உற்ற நண்பர். இந்நட்பை மண்டோ தம் கட்டுரையொன்றில் உருக்கமாகப் பதிவு செய்துள்ளார். 1951 ஏப்ரலில் படப்பிடிப்பின்போது குதிரையிலிருந்து விழுந்து ஷியாம் உயிர்நீத்தார். கணவரை இழந்த தாய் மும்தாஜ் குரைஷி, பிரிவினையால் புதிதாய்ப் பிறந்திருந்த நாட்டிற்குச் சென்றார். தந்தையின் முகத்தை நினைவில் நிறுத்த இயலாத இளம் பருவத்திலேயே அவரை இழந்த சாஹிரா பாகிஸ்தானில் வளர்ந்தார்.

நடிகையாகத் தொடக்கம்

பாகிஸ்தான் தொலைக்காட்சி 1964 நவம்பர் 26 அன்று லாகூரில் தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. பின்னர் கராச்சி நிலையம் நாடகங்களால் பெயர் பெற்றது. சாஹிரா முதலில் நடிகையாகவே அறியப்பட்டார். ஹென்றி ஜேம்ஸின் ஆங்கிலப் புதினத்தைத் தழுவி ஹசீனா முயீன் எழுதிய 'பர்ச்சாயியான்' (1976) அவருக்குப் புகழ் சேர்த்தது. அதில் உடன் நடித்த ராஹத் காஸ்மி அவருடைய கணவர் ஆவார். நடிப்பில் பெற்ற பயிற்சியே சாஹிராவின் இயக்கத்திற்கு அடித்தளமாயிற்று எனலாம். நடிகரின் ஒரு பார்வை எத்தனை சொற்களுக்கு ஈடாகும் என்பதை அவர் தம் பட்டறிவால் உணர்ந்திருந்தார்.

'தூப் கினாரே'

1987இல் ஒளிபரப்பான 'தூப் கினாரே' என்னும் தொடர் அவருக்கு அழியாப் புகழைத் தேடித் தந்தது. எழுதியவர் ஹசீனா முயீன். கதைக்களம் கராச்சியில் ஒரு மருத்துவமனை. குறும்பும் துடிப்பும் மிக்க இளம் மருத்துவர் ஸோயாவாக மெரினா கானும், உள்ளத்து அன்பை வாய்விட்டுச் சொல்ல அறியாத மூத்த மருத்துவர் அஹ்மராக ராஹத் காஸ்மியும் நடித்தனர்.

அது தளபதி ஸியாவுல் ஹக்கின் ஆட்சிக்காலம். தொலைக்காட்சியில் தோன்றும் பெண்களின் உடை குறித்தும், ஆண் பெண் பாத்திரங்களின் நெருக்கம் குறித்தும் கடுமையான விதிகள் நடைமுறையில் இருந்தன. இத்தகைய விதிகள் கலையை முடக்கும் என்பது உண்மையே. அவற்றை நாம் போற்ற வேண்டியதில்லை. ஆயினும் சாஹிரா அவ்விதிகளுக்குள் நின்றே வழி கண்டார். தயங்கி நிற்கும் பேச்சு, தாழும் விழி, நீளும் மௌனம் ஆகியவற்றால் காதலை உணர்த்தினார். சொல்லாமற் சொல்லும் இம்முறை, உள்ளுறையும் இறைச்சியும் பயின்ற தமிழ் மாணவர்க்குப் புதியதன்று.

மேலும், கதைத்தலைவி ஒரு மருத்துவர். திருமணமே அவள் வாழ்வின் முழுப்பொருளாகக் காட்டப்படவில்லை. கல்வியும் தொழிலும் அவளுடைய இயல்பாகவே அமைகின்றன. கதையின் ஈர்ப்பு எல்லை கடந்தது. இந்தியாவில் 2011இல் இதனைத் தழுவி 'குச் தோ லோக் கஹேங்கே' என்னும் இந்தித் தொடர் வெளியாயிற்று.

சமூக நாடகங்கள்

'தூப் கினாரே' காட்டிய உலகம் வசதியும் கல்வியும் உடையோரின் உலகம். இதனை ஒரு குறையாக நாம் சுட்டலாம். ஆனால் சாஹிரா அங்கேயே நின்றுவிடவில்லை. 1991இல் அவர் இயக்கிய 'ஆஹட்', பிள்ளைப்பேற்றுக்கிடையே வேண்டிய இடைவெளியையும் தாயின் உடல்நலத்தையும் பொருளாகக் கொண்டது. ஸானியா சயீத் அதில் நடித்தார். அஸ்கர் நதீம் சையத் எழுதிய 'நஜாத்' (1993) ஏழைப் பெண்ணின் வாழ்க்கைச் சுமையையும் சிற்றூர்களின் மருத்துவத் தேவையையும் காட்டியது.

நலப்பிரசாரத்திற்காக எடுக்கப்படும் நாடகங்கள் பெரும்பாலும் மேடைச் சொற்பொழிவாகவே மாறிவிடும். சாஹிரா அறிவுரையைப் பாத்திரங்களின் வாயில் திணிக்காமல், குடும்பத்தின் அன்றாட நிகழ்ச்சிகளிலேயே சிக்கலைக் காட்டினார். மருத்துவரிடம் பேசவே கூசும் செய்திகள் நாடகத்தின் வழியே கூடத்திற்கு வந்தன. மாமியாரும் மருமகளும், கணவனும் மனைவியும் ஒரே காட்சியைக் கண்ட பின்னர், அதைப் பற்றிப் பேசாதிருத்தல் அரிதன்றோ!

நிறைவுரை

தொலைக்காட்சி நம் பிள்ளைகளைக் கெடுக்கும் என்று பெரியோர் அஞ்சுவது நியாயமே. அவ்வச்சத்திற்குக் கதவை மூடுவது மட்டும் விடையாகாது. கல்வியை ஆண், பெண் இருபாலர்க்கும் கடமையாகக் கருதும் சமுதாயம், தன் பெண்களின் நலிவையும் நம்பிக்கையையும் கண்ணியத்துடன் எடுத்துரைக்கும் கலைஞர்களை உருவாக்குவதும் கடமையேயாகும். கண்ணியம் குன்றாமலும் உண்மையை மறைக்காமலும் படைக்க முடியும் என்பதற்குச் சாஹிரா காஸ்மியின் பணி சான்றாக நிற்கிறது. நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் மாணவியருள் எழுத்தாளர் மட்டுமல்லர், இயக்குநரும் இருக்கக்கூடும். அவர்களை இனங்கண்டு ஊக்குவித்தல் ஆசிரியராகிய நமது பொறுப்பாகும்.