ஜின்குவாஷியின் தங்க அருங்காட்சியகம்

அன்புள்ள மலர்விழிக்கு,

வடக்குத் தைவானில், கடலைப் பார்த்த மலைச்சரிவில் இருக்கிறது ஜின்குவாஷி. 1890-ஐ ஒட்டிய காலத்தில், கீலுங் ஆற்றில் ரயில் பாலம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் மணலில் பொன்துகள் கண்டார்கள். மணலைத் தட்டில் அள்ளி நீரில் அலசினால் கனமான பொன் அடியில் தங்கிவிடும். அப்படி அரித்தபடியே ஆற்றின் மேல்போக்கில் தேடிப் போனவர்கள், சில ஆண்டுகளில் இந்த மலைக்கு வந்து சேர்ந்தார்கள். 1895-இல் தீவு ஜப்பான் வசமானது. மலையின் தங்கச் சுரங்கமும் ஜப்பானியர் கைக்குப் போனது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் தைவான் அரசு நிறுவனம் ஏற்று நடத்தி, 1987-இல் மூடியது. ஊரின் பழைய கட்டடங்களைக் கொண்டே 2004-இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

கூட்டம் மொய்ப்பது 220 கிலோ தங்கக்கட்டியைச் சுற்றித்தான். கண்ணாடிப் பெட்டியின் பக்கவாட்டுத் துளையில் கைவிட்டு அதைத் தொட்டுப் பார்க்கலாம். ஆனால் ஊர் எப்படி வாழ்ந்தது என்பதை வீடுகளில்தான் படிக்க முடியும். ஜப்பானிய அலுவலர் குடும்பங்களுக்கு நான்கு வீடுகள் ஒட்டினாற்போல் மரத்தில் கட்டப்பட்டன. தள்ளித் திறக்கும் கதவுகள், தரை முழுக்கக் கோரைப்பாய் விரிப்பு என்று எல்லாம் கச்சிதம். பட்டத்து இளவரசர் ஹிரோஹிட்டோ வருவார் என்று 1922-இல் ஒரு மாளிகையே எழும்பியது. மறு ஆண்டு தைவான் வந்த அவர் இந்த ஊருக்கு வரவில்லை. சுரங்கத் தொழிலாளியின் வீடோ சரிவில் நெருக்கியடித்து நின்றது. அடைமழை ஊர் என்பதால் கூரையில் தார் பூசிய கறுப்பு விரிப்பு; தார் உரிய உரிய மறுபடி பூசியாக வேண்டும். யார் எங்கே குடியிருந்தார் என்பதிலேயே அவரவர் நிலை தெரிந்துவிடும்.

ஐந்தாம் எண் சுரங்கப் பாதைக்குள் தலைக்கவசம் அணிந்து போகலாம். மரத் தாங்கல்கள், தண்டவாளம், பாறையைத் துளையிடும் ஆட்களின் உருவங்கள் உள்ளே இருக்கின்றன. அந்தத் துளையிடலில் எழுந்த கல்தூசுதான் நுரையீரலில் படிந்து பலரின் ஆயுளைக் குறைத்தது. வெளியே உணவகத்தில் ‘சுரங்கத் தொழிலாளி சாப்பாடு’ கிடைக்கும்: துணியில் முடிந்த தூக்கு டப்பாவில் சோறும் பொரித்த பன்றி இறைச்சியும். டப்பாவையும் துணியையும் வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.

இதே மலையில் செம்பும் உண்டு. 1942 முதல் 1945 வரை ஜப்பானிய ராணுவம் 1,100-க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகளை இங்கே அடைத்துவைத்து, செம்புச் சுரங்கத்தில் வேலை வாங்கியது. சிங்கப்பூரில் பிடிபட்ட வீரர்கள் அவர்களில் பலர். பட்டினியும் நோயும் அடியும் நிறையப் பேரைப் பலிகொண்டன. முகாம் இருந்த இடம் இன்று நினைவுப் பூங்கா. தங்கக்கட்டியைத் தொட்டுப் பார்த்தவர்கள் அங்கும் போய்விட்டுத்தான் ஊர் திரும்ப வேண்டும்.

அன்புடன்,
சித்தப்பா