எந்த ஓடிபியை யாரிடம் சொல்வது?

சென்ற ஆண்டு பயிற்சி வகுப்பு ஒன்றிற்காகத் தில்லி சென்றிருந்தேன். இரவு பதினொன்றரை மணிக்கு மூன்றாம் முனையத்தில் இறங்கி, நடந்துகொண்டே செயலியில் கார் பதிவு செய்தேன். சற்று நேரத்தில் ஓட்டுநர் அழைத்து, தாம் முதல் முனையத்தில் நிற்பதாகக் கூறினார். அவசரத்தில் பட்டியலில் முதலில் தெரிந்த இடத்தைத் தொட்டிருந்தேன். அவ்விரு முனையங்களுக்கும் இடையே சில கிலோமீட்டர் தொலைவு. பெட்டியுடன் நடந்து செல்ல இயலாது. பதிவை ரத்து செய்தேன். அதற்கு ஒரு கட்டணம் விதிக்கப்பட்டது.

அதைத் திரும்பப் பெற எண்ணி, இணையத்தில் தேடிக் கிடைத்த ஒரு சேவை எண்ணை அழைத்தேன். மறுமுனையில் மிகுந்த பணிவுடன் பேசியவர், பணத்தை வரவு வைப்பதற்கென்று அட்டை விவரங்களைக் கேட்டார். களைப்பில் சொல்லிவிட்டேன். உடனே ஓடிபி வந்தது. அதைப் படித்துச் சொல்ல முற்பட்டபோதுதான், குறுஞ்செய்தியில் ‘பற்று’ என்றிருப்பதைக் கண்டேன். வரவுக்கு ஓடிபி எதற்கு? அழைப்பைத் துண்டித்து, அந்த நிமிடமே அட்டையை முடக்கினேன். கவுன்டரில் பல ஆண்டுகளாக வாடிக்கையாளர்களை எச்சரித்து வருபவனுக்கே இந்நிலை. அவசரம் எவரையும் விடுவதில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பதிவு செய்யும் முன்

பெட்டிகள் கைக்கு வந்த பின்னரே கார் பதிவு செய்க. முன்னதாகச் செய்தால் காத்திருப்புக் கட்டணமோ ரத்துக் கட்டணமோ சேரக்கூடும். தில்லி, மும்பை போன்ற நகரங்களில் முனையங்கள் தனித்தனியே அமைந்துள்ளன. எந்த முனையம் என்பதைச் செயலியில் சரிபார்ப்பது இன்றியமையாதது. கார் ஏறுமிடம் எப்போதும் வருகை வாயிலுக்கு எதிரில் இருக்கும் என எண்ண வேண்டாம். சென்னையில் அது பன்னடுக்கு வாகன நிறுத்துமிடத்தில் உள்ளது. செயலி காட்டும் தளம், தூண் அல்லது வாயில் எண்ணைக் குறித்துக்கொண்டு, அங்குள்ள வழிகாட்டிப் பலகைகளைப் பின்பற்றுக.

கட்டணத்தையும் ஒப்பிடுக. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2025ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகள், தேவை மிகுந்த நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தைப் போல் இரு மடங்கு வரை பெற இடமளிக்கின்றன. தக்க காரணமின்றி ரத்து செய்யும் பயணியோ ஓட்டுநரோ கட்டணத்தில் 10 சதவீதம், உச்ச அளவாக ரூ.100 செலுத்த வேண்டும் என்றும் அவை கூறுகின்றன. இவற்றை நடைமுறைப்படுத்துவது மாநில அரசுகளின் பொறுப்பு.

காரில் ஏறும் முன்

செயலியில் உள்ள பதிவெண்ணும் ஓட்டுநரின் படமும் பொருந்துகின்றனவா எனப் பாருங்கள். வாடகைக் காரின் எண் பலகை மஞ்சள் நிறத்தில் கறுப்பு எழுத்துடன் இருக்கும். மின்சார வாடகைக் காராயின் பச்சை நிறத்தில் மஞ்சள் எழுத்துடன் இருக்கும். ‘செயலி வேண்டாம், குறைந்த விலைக்கு வருகிறேன்’ என்று வாயிலில் அழைப்பவருடன் சென்றால், அப்பயணத்திற்குச் செயலியில் எந்தப் பதிவும் இராது. பயண ஓடிபியை, சரியான காரில் அமர்ந்த பின்னரே ஓட்டுநரிடம் சொல்லுங்கள். தொலைபேசியில் முன்கூட்டியே சொன்னால், நீங்கள் ஏறாமலேயே பயணம் தொடங்கியதாகப் பதிவாகலாம்.

பணம் செலுத்தும்போது

பயணம் முடிந்து செயலி காட்டும் தொகையை மட்டும் செலுத்துங்கள். கியூஆர் குறியீட்டை வருடினால், திரையில் தோன்றும் பெயரையும் தொகையையும் படித்த பிறகே யுபிஐ பின் இடுங்கள். பணம் அனுப்பவே பின் தேவை; பெறுவதற்குத் தேவையில்லை.

தவறு நேர்ந்தால்

கட்டணம் பற்றிய முறையீட்டைச் செயலியிலுள்ள உதவிப் பகுதியிலேயே பதிவு செய்க. தேடுபொறியில் கிடைக்கும் எண்களை நம்ப வேண்டாம். திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள். பணம் பறிபோனால் முதலில் வங்கிக்குத் தெரிவித்து அட்டையை முடக்கி, 1930 என்ற எண்ணில் புகார் அளியுங்கள். ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, வங்கிக்குத் தெரிவித்த பிறகு நிகழும் அங்கீகாரமற்ற பரிவர்த்தனையின் இழப்பை வங்கியே ஏற்க வேண்டும். எனவே தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் உங்கள் பணத்தைப் பாதிக்கும். பயணத்தில் அச்சம் தோன்றினால் 112ஐ அழையுங்கள்.

சுருங்கச் சொன்னால், பயண ஓடிபி காரில் அமர்ந்த பின் ஓட்டுநருக்கு உரியது. வங்கி ஓடிபி உங்களுக்கு மட்டுமே உரியது. அதைக் கேட்பவர் யாராயினும், வங்கி அதிகாரி என்றே சொல்லிக்கொண்டாலும், சொல்லாதீர்கள்.