மலை ஏறும் வண்டியை வீட்டிலிருந்து பார்க்கலாமா?

கேள்வி: கொடைக்கானலுக்கு மளிகை, சிமென்ட் ஏற்றிப்போக இரண்டு மினி லாரி வைத்திருக்கிறேன். ஒன்று பிஎஸ்6, இன்னொன்று பழசு. ஜிபிஎஸ் பெட்டி மாட்டினால் மைலேஜ், இன்ஜின் சூடு எல்லாம் போனிலேயே தெரியும் என்கிறார்கள். காட்ரோடு தாண்டினால் சிக்னல் விட்டு விட்டுத்தான் வருகிறது. டிரைவர் டீசல் எடுக்கிறாரோ என்று சந்தேகமும் உண்டு. வாங்கலாமா?
- ஒரு வாசகர், தேவதானப்பட்டி

பதில்: வெறும் ஜிபிஎஸ் பெட்டி, வண்டி எங்கே நிற்கிறது, என்ன வேகம் என்பதைத்தான் சொல்லும். 2019 முதல் புது பஸ், டாக்சிகளுக்குக் கட்டாயமான ஏஐஎஸ் 140 கருவியும் இருப்பிடத்துக்கும் ஆபத்துப் பொத்தானுக்கும் உண்டானதுதான். இன்ஜின் சூடு, ஆர்பிஎம், கோளாறு எண் எல்லாம் வேண்டுமென்றால் பெட்டி வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைய வேண்டும். பிஎஸ்6 வண்டியில் அதற்கு ஓபிடி சாக்கெட் உண்டு. பழைய வண்டியில் அது இல்லையென்றால் செலவு வீண்.

சிக்னல் போனால் தகவல் தொலையாது. நல்ல பெட்டி அதைச் சேமித்துவைத்து, டவர் கிடைத்ததும் நேரத்தோடு அனுப்பிவிடும். ஆனால் ஏற்றத்தில் இன்ஜின் சூடாவது உங்கள் போனுக்கு வருவதற்குள் டிரைவர் மீட்டரில் பார்த்திருப்பார்.

டீசல் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். ஏற்றத்தில் டேங்கில் உள்ள டீசல் ஒரு பக்கம் ஒதுங்கும். மிதவை தப்பாகக் காட்டும். போனில் வரும் அந்த டீசல் கிராஃபை நீட்டி ஒருவரைத் திருடன் என்பது அநியாயம். ஒரே பங்கில் டேங்க் நிரப்பி, ஓடிய கிலோமீட்டரோடு கணக்குப் பார்ப்பதே இன்றைக்கும் நம்பகமானது.

என்னைக் கேட்டால், இந்தப் பெட்டியின் பெரிய பயன் இறக்கத்தில்தான். நியூட்ரலில் உருட்டினால் டீசல் மிச்சம் என்று நினைப்பவர்கள் நிறைய. உண்மையில் கியரில் இறங்கும்போது இன்றைய இன்ஜின்கள் ஆக்சிலரேட்டரை விட்டதும் டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலுக்குச் செலவாகும். இன்ஜின் பிடிமானமும் போய், பாரம் முழுக்க பிரேக்கில் விழும். பெட்டியின் பதிவில் வேகம் இருக்க, ஆர்பிஎம் ஐடிலிலேயே கிடந்தால் பெரும்பாலும் நியூட்ரல்தான். கிளட்ச் மிதித்த ஒரு நொடியை வைத்து முடிவு கட்டாமல், மொத்த இறக்கத்தையும் பாருங்கள். பெட்டி மாட்டப்போவதை டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பிஎஸ்6 வண்டிக்கும் உடனே பெட்டி வாங்கிவிடாதீர்கள். டாடாவுக்கு ஃப்ளீட் எட்ஜ், அசோக் லேலண்டுக்கு ஐ-அலர்ட் என்று கம்பெனிகளே இந்த வசதி வைத்திருக்கின்றன. உங்கள் மாடலுக்கு உண்டா என்று டீலரிடம் கேளுங்கள். இல்லையென்றால் மட்டும் வெளியில் வாங்கலாம். அப்போதும் வயரை வெட்டி மாட்ட விடாதீர்கள், வாரன்டிக்குச் சிக்கல் வரும்.