வயற்காட்டுத் தங்கலில் சூரிய மின்சாரச் சமையல்

அறுவடைக் காலத்தில் களத்து மேட்டிலும், காவலின் பொருட்டுத் தோப்புக் கொட்டகையிலும் பல நாட்கள் தொடர்ந்து தங்கவேண்டிய நிலை நம் விவசாயிகளுக்கு உண்டு. இராமநாதபுரம் சீமையிலிருந்து காவிரிப் பாசன நிலங்களுக்குக் கிடை போட வரும் கீதாரிகளோ மாதக்கணக்கில் வெட்டவெளியிலேயே வாழ்கின்றனர். இத்தகைய இடங்களில் மின் கம்பி இராது. வெயிலுக்கு மட்டும் குறைவில்லை. ஒரு சூரியத் தகட்டையும் பாட்டரியையும் வைத்து விளக்கெரிப்பதும், கைபேசிக்கு மின்னேற்றுவதும் இன்று பல இடங்களில் காணக் கூடியவை. அதற்கு அடுத்தபடியாக, வீட்டிலுள்ள மிக்ஸியையும் இண்டக்ஷன் அடுப்பையும் அங்கே கொண்டு சென்று ஓட்டலாமா என்னும் கேள்வி எழுகிறது. 'தாராளமாக ஓடும்' என்று கடையில் சொல்லிவிடுவார்கள். அச்சொல்லை நம்பிப் பணத்தைப் போடுமுன் நாம் கணக்கொன்று போட்டுப் பார்ப்பது நலம்.

மடையின் வாய் அகலம் வேறு, ஏரியில் நிற்கும் நீரின் அளவு வேறு என்பதை விவசாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மின்சாரத்திலும் இவ்விரண்டும் உண்டு. ஒரு கருவி எவ்வளவு வேகமாக மின்சாரத்தை இழுக்கிறது என்பதைக் காட்டுவது வாட். மொத்தத்தில் எவ்வளவு செலவாயிற்று என்பதைக் காட்டுவது வாட்-மணி. ஆயிரம் வாட்-மணி சேர்ந்தது ஒரு யூனிட். 500 வாட் மிக்ஸி பெரிய கருவி போலத் தோன்றினும், சட்டினி அரைக்க ஐந்து நிமிடம் ஓடினால் 40 வாட்-மணிக்குச் சற்று மேல்தான் செலவாகும். 150 வாட் கிரைண்டர் அரை மணி ஓடினால் 75. ஆனால் 700 வாட் மின்சாரச் சோற்றுப் பாத்திரம் அரை மணியில் 350 வாட்-மணியைக் குடித்துவிடும். 1500 வாட் இண்டக்ஷன் அடுப்பு முழு வேகத்தில் ஒரு மணி எரிந்தால் ஒன்றரை யூனிட் போய்விடும்.

இனி, ஏரியில் நீர் எவ்வளவு? 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி ஈயப் பாட்டரியில் 1800 வாட்-மணி அடங்கும். ஆயினும் அதில் பாதிக்குமேல் எடுத்தால் பாட்டரியின் ஆயுள் விரைவாகக் குறையும். ஆகையால் நமக்குரியது 900; இன்வெர்ட்டர் தன் பங்காகப் பத்தில் ஒன்றை எடுத்துக்கொள்ள, எஞ்சுவது ஏறக்குறைய 800. மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் விளக்குக்கும் இது போதும். இண்டக்ஷன் அடுப்புக்கோ அரை மணி நேரம்! அதுவும், ஒரே வேகமாக இழுக்கும்போது ஈயப் பாட்டரி தன் கொள்ளளவை முழுதாகத் தருவதில்லை. நம் மாநிலத்து வெயிலில் நாளொன்றுக்குச் சராசரியாக ஐந்து மணி நேர முழு வெயிலுக்கு ஈடான சக்தி கிடைக்கிறது. 330 வாட் தகடு ஒன்று, வெப்பத்தாலும் தூசியாலும் ஏற்படும் இழப்புப் போக, 1200 வாட்-மணி அளவு தரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இதில் கால் பங்கு கிடைத்தாலே பெரிது.

ஆகவே, சிறிய அமைப்பில் சுழற்றும் வேலைக்குச் சூரிய மின்சாரத்தையும், சூடேற்றும் வேலைக்கு விறகையோ எரிவாயுவையோ கொள்வதே சிக்கனம் என்பது நம் கருத்து. சமையலும் மின்சாரத்தில்தான் வேண்டுமென்போர் 1000 வாட் அளவுக்குத் தகடுகளும், 24 வோல்ட் லிதியம் பாட்டரியும் வைக்கவேண்டும். லிதியம் அயர்ன் பாஸ்பேட் வகையில் எண்பது விழுக்காடு வரை எடுக்கலாம், எடையும் குறைவு. செலவு அதிகம் என்பதை மறைப்பதற்கில்லை.

சமைக்கும் முறையிலும் சிக்கனம் உண்டு. ஒரு லிட்டர் நீரைக் கொதி நிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 80 வாட்-மணி தேவை. இதில் பேரம் பேச இயலாது. ஆனால் கொதித்த பின்னர் செலவாகும் மின்சாரம் பெரும்பாலும் பாத்திரத்தினின்று வெளியேறும் சூட்டை ஈடுசெய்யவே போகிறது. அரிசியை அரை மணி ஊறவைத்து, மூடிய பாத்திரத்தில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, மூடியைத் திறவாமல், வைக்கோல் திணித்த பெட்டியில் இறக்கிப் பழஞ்சாக்கால் இறுகப் போர்த்திவிட்டால், ஒரு மணி நேரத்தில் சோறு தானே வெந்துவிடும். உலையை முற்பகல் பதினொரு மணிக்குமேல் ஏற்றினால், தகட்டிலிருந்து வரும் மின்சாரமே பெரும்பங்கு வேலையைச் செய்யும். பாட்டரி இரவுக்கு நிற்கும்.

இன்வெர்ட்டர் வாங்கும்போது மிக்ஸியின் வாட் எண்ணை மட்டும் பார்த்தல் போதாது. மோட்டார் புறப்படும் கணத்தில் பன்மடங்கு இழுக்கும். 500 வாட் மிக்ஸிக்கு 1500 வாட் இன்வெர்ட்டர், அதுவும் தூய சைன் அலை தரும் வகை, வேண்டும். மலிவான வகையில் மோட்டார் இரைந்து சூடேறும். 2011-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் விலையின்றிக் கிடைத்த மிக்ஸியும் கிரைண்டரும் இன்னும் பல வீடுகளில் இருக்கலாம். அவற்றின் அடியில் பொறித்துள்ள எண்ணைப் பார்த்துக் கணக்கிடலாம். இண்டக்ஷன் அடுப்பில் வேகத்தைக் குறைத்து வைத்துச் சமாளிக்கலாம் என எண்ணுவோரும் உளர். பல அடுப்புகள் குறைந்த நிலையிலும் முழு வேகத்தில் எரிந்தெரிந்து அணைவனவே. இன்வெர்ட்டரின் சுமை அதனால் குறையாது.

தீ விபத்துக்கு இடம் தருவது பெரும்பாலும் கம்பியே. 12 வோல்ட் பாட்டரியிலிருந்து 1500 வாட் எடுத்தால் 140 ஆம்பியர் அளவு மின்னோட்டம் பாயும். வீட்டுக்கு இழுக்கும் மெல்லிய கம்பி இதைத் தாங்காது உருகும். ஓலைக் கொட்டகையில் அதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. சுண்டு விரல் பருமனுள்ள செம்புக் கம்பியைக் குட்டையாக அமைத்து, பாட்டரியின் நேர்முனை அருகிலேயே ஃபியூஸ் வைக்கவேண்டும். 24 வோல்ட்டாயின் மின்னோட்டம் பாதியாகும். மின்னேறும் ஈயப் பாட்டரி எரியக்கூடிய வாயுவை வெளியிடுவதால், அதை அடுப்பின் அருகில் வைத்தலாகாது.

2019-இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தின்கீழ் சூரிய பம்புசெட் அமைத்துள்ள நிலங்களும் உள்ளன. ஐந்து குதிரைச் சக்தி பம்புக்கு 4800 வாட் அளவு தகடுகள் நிற்கின்றன. பம்பு ஓடாத நாட்களில் அந்தச் சக்தி வீணே. அதற்காகத் தகட்டுக் கம்பியை அறுத்து அடுப்புக்கு இணைப்பது உயிருக்கு ஆபத்தாகும். அதில் பாய்வது பல நூறு வோல்ட் நேர் மின்சாரம். மாவரைக்கவும் தீவனம் நறுக்கவும் அதே தகடுகளைப் பயன்படுத்த உதவும் பொதுக் கட்டுப்பாட்டுக் கருவி தனியே உண்டு. விண்ணப்பம் எழுதித்தரும் பஞ்சாயத்து அங்கத்தினர்கள், இது பற்றி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் முன்னதாகவே விசாரித்து விவசாயிகளுக்குத் தெரிவிக்கலாம்.